ஏட்டில் இருக்கிறது, பெட்டியில் இல்லை: இந்த கிளவுடை எப்படிக் கழற்றுவது?

வளவுக்காரர், கோட்டையூர்

வணக்கம். எனக்கு 67 வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் 34 வருடம் கணக்கு எழுதிவிட்டு, ஓய்வு பெற்றதும் கோட்டையூர் வீட்டுக்கே வந்துவிட்டேன். எங்கள் வீடு என்று சொன்னாலும் ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, பாத்தியம். ஆறு புள்ளி வெளியூரில். மராமத்துக் கணக்கு என் தலையில். ஓடு மாற்றியது, நடைமாடியில் ஒழுகியது, யார் எவ்வளவு போட்டார்கள், யார் இன்னும் போடவில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் அறையைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. எங்கள் ஐயா (தாத்தா) ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் (எங்கள் ஆட்கள் சேர்ந்து தொழில் பார்த்த கட்டடம்) இருந்தபோது ஊருக்கு எழுதிய கடிதங்கள், இரண்டு பேரேடு, அப்பச்சியின் (அப்பாவின்) இசைகுடிமானம், அதாவது கல்யாண ஒப்பந்த ஓலை. கடிதங்கள் எல்லாம் 1942-க்கு முந்தியவை. மடிப்பைத் தொட்டால் அப்பளம் மாதிரி உதிர்கிறது. இனி எத்தனை பேர் கையில் கொடுப்பது என்று ஒரு ஸ்கேனர் வாங்கி, கலரில், 600 டிபிஐயில், டிஃப் (சுருக்காத படம்) ஆக ஒவ்வொரு பக்கமாக எடுத்தேன். ஏ4 பக்கம் ஒன்று 100 எம்பி வருகிறது. 412 பக்கம், சுமார் 40 ஜிபி. ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு, எது எந்தத் தேதிக் கடிதம் என்று எழுதியும் வைத்திருக்கிறேன். நாலு மாத வேலை.

இனிதான் விஷயம்.

எங்கள் வீட்டுச் சுவர் கனத்துக்கு, முகப்பில் வைத்த வைஃபை இரண்டாம் கட்டுக்கு வராது. போனை வயரில் கம்ப்யூட்டரோடு செருகித்தான் நெட் எடுக்கிறேன். நாளுக்கு 2 ஜிபி. ஸ்கேன் வேலை தொடங்கிய வாரம், தொடர்ந்து மூன்று நாள், காலை ஒன்பது மணிக்கெல்லாம் டேட்டா தீர்ந்துவிட்டது என்று செய்தி. யார் சினிமா பார்த்தது என்று வீட்டில் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாலாம் நாள் கம்ப்யூட்டர் மூலையில் ஒரு சின்ன மேகப் படம் சிவப்பாகி, "உங்கள் இடம் நிறைந்துவிட்டது" என்கிறது. எந்த இடம்? நான் எங்கே இடம் கேட்டேன்?

விசாரித்ததில், கம்ப்யூட்டரோடு கூடவே வந்த கிளவுட் அது, நம் ஃபைலை நெட் வழியாகக் கொண்டுபோய் வேறு எங்கோ வைக்கிற சேவை. பெயர் சொல்லிச் சண்டைக்குப் போக விருப்பமில்லை. காரைக்குடியில் வாங்கும்போது கடைப் பையன் என் ஈமெயிலைக் கேட்டுப் போட்டுவிட்டு "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டினான். அந்த நெக்ஸ்ட்டுகளில் ஏதோ ஒன்றில் என்னுடைய டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மூன்றும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. இலவசம் 5 ஜிபி. என் கடிதங்களில் 48 பக்கம் ஏறியதும் நிறைந்துவிட்டது. மீதிக்கு மாதா மாதம் பணம் கட்டச் சொல்லி தினம் இரண்டு தடவை நினைவூட்டல்.

சரி, கத்திக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டிருந்தேன். லீவுக்கு வந்த மகன், டிஸ்க் சிவப்பாக இருக்கிறதே அப்பச்சி என்று வலது பட்டனைத் தட்டி 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டான். அவனும் நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

போன வெள்ளிக்கிழமை தேவகோட்டையிலிருந்து எங்கள் ஆச்சி (அக்கா) வந்திருந்தார்கள். 74 வயது. ஐயா கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று மெனக்கெட்டு வந்தவர்கள். முதல் கடிதத்தைத் தட்டினேன். மழை, டவர் இல்லை. திறக்க முடியாது, இணைய இணைப்பைச் சரிபார்க்கவும் என்கிறது. அடுத்தது, அதற்கடுத்தது, அதே பதில். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மேகம் இருக்கிறது, கடிதம் மட்டும் இல்லை. ஆச்சி கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்துக்கொண்டே, "பெட்டியிலயே கெடந்திருந்தா இந்நேரம் படிச்சிருப்பேனே தம்பி" என்றார்கள்.

அவர்கள் பஸ் ஏறியதும் ஆத்திரத்தில் அந்தச் சேவையில் நிறுத்தக்கூடியதையெல்லாம் நிறுத்தினேன். நிறுத்திய அடுத்த நொடி டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைலும் இல்லை. மராமத்துக் கணக்கு உட்பட. நெஞ்சு அடைத்துவிட்டது. பதறிப்போய் மறுபடி ஆன் செய்தேன், எல்லாம் திரும்பி வந்தன. அன்றிலிருந்து தொடப் பயமாக இருக்கிறது.

நகல் எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபமே இல்லை. இவன் அசலைக் கொண்டுபோய்விட்டு என் கையில் சிட்டையைக் கொடுத்திருக்கிறான். அசலையும் கொடுத்துவிட்டு, வட்டியையும் மாதா மாதம் நானே கட்ட வேண்டுமாம். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன எங்கள் ஆட்களில் ஒருத்தராவது இப்படி ஒரு கணக்கைப் பார்த்திருப்பார்களா தெரியவில்லை.

அந்த 48 பக்கத்தையும் பத்திரமாகத் திரும்ப வாங்கி, இதை முழுக்கக் கழற்ற வழி உண்டா? எனக்குப் புரிகிற மாதிரி, எதற்கப்புறம் எது என்று சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

ஐயா, முதலில் ஒன்று: எதையும் டெலிட் செய்யாதீர்கள். அந்தச் சேவையின் ஃபோல்டருக்குள் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தவறிப்போய் அழித்திருந்தால் அவர்கள் வெப்சைட்டில் ரீசைக்கிள் பின் இருக்கும். தனிநபர் கணக்குக்குப் பொதுவாக 30 நாள் வைத்திருப்பார்கள்.

டெஸ்க்டாப் காலியானதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன், பயம் தெளியும். உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது டாக்குமெண்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கின்றன. ஒன்று சி டிரைவில் உங்கள் பெயருக்கு நேர் கீழே இருப்பது. இன்னொன்று அந்தச் சேவையின் ஃபோல்டருக்கு உள்ளே இருப்பது. பேக்கப் என்று சொல்லி அவர்கள் செய்தது, முதல் ஃபோல்டரில் இருந்ததை இரண்டாவதுக்குள் மாற்றியது. டெஸ்க்டாப்பும் அப்படியே. நீங்கள் நிறுத்தியதும் திரை பழைய, காலி ஃபோல்டரைக் காட்டியது. ஃபைல்கள் எங்கும் போகவில்லை, பக்கத்து அறையில் இருந்தன.

இப்போது ஒரு கடிதத்தின் மேல் வலது பட்டன் தட்டி பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். 'சைஸ்' 100 எம்பி என்று இருக்கும். அதற்குக் கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று ஒரு வரி. அது 0 பைட்ஸ் என்றால் அந்தப் பக்கம் உங்கள் வீட்டில் இல்லை. முதல் வேலை அதை வரவழைப்பதுதான். முழு ஃபோல்டரையும் வலது பட்டனில் தட்டி 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். மேகப் படம் எல்லாம் பச்சை டிக்காக மாறும் வரை பொறுங்கள். 4.8 ஜிபி வர வேண்டும், உங்கள் 2 ஜிபி பேக்கில் மூன்று நாள் ஆகும். யார் வீட்டிலாவது ஃபைபர் இருந்தால் அங்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

எல்லாம் வந்ததும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் முழுசாகக் காப்பி. இது ஆகாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். அப்புறம் மேகப் படத்தைத் தட்டி செட்டிங்ஸில் பேக்கப் பக்கம் போய் மூன்று ஃபோல்டருக்கும் தனித்தனியாக 'ஸ்டாப் பேக்கப்'. டெஸ்க்டாப் மறுபடி காலியாகலாம், பதற வேண்டாம், அந்தச் சேவையின் ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருப்பதைப் பழைய இடத்துக்குக் காப்பி செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு 'அன்லிங்க் திஸ் பிசி'. கடைசியாக, வேண்டுமானால், சாதாரண புரோகிராம் மாதிரி அன்இன்ஸ்டால். வெப்சைட்டில் இருக்கும் பிரதியை அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு வாரம் கழித்து.

டேட்டா விஷயம் தனி. நெட்வொர்க் செட்டிங்ஸில் உங்கள் போன் இணைப்பை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறித்துவிட்டால், இந்த மாதிரி சேவைகள் பெரும்பாலும் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும். இதை இன்றைக்கே செய்யலாம்.

ஜெராக்ஸ் அக்கா, காரைக்குடி

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். தம்பி சொன்ன 'சைஸ் ஆன் டிஸ்க்' ரொம்பச் சரி. நான் கடையில் தினம் பார்ப்பது அதுதான். பைண்டிங் போடப் பிள்ளைகள் பென் டிரைவ் கொண்டு வருவார்கள். செருகினால் 'ப்ராஜக்ட் ஃபைனல்' என்று ஒன்று இருக்கும். சைஸ் பார்த்தால் 2 கேபி. ஷார்ட்கட்டை மட்டும் இழுத்துப் போட்டு வந்திருக்கும். அசல் அவர்கள் வீட்டிலோ, கிளவுடிலோ. மறுநாள் வைவா என்று அழும். நான் என்ன செய்ய?

ஐயாவுக்கு என் யோசனை இன்னும் சுலபம். சி டிரைவில் நேரடியாக, டாக்குமெண்ட்ஸுக்கு வெளியே, 'வீடு' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். டி டிரைவ் இருந்தால் அங்கே. இந்தச் சேவைகள் கண் வைப்பது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஃபோல்டர்கள் மேல்தான். நாமாகச் சேர்த்துவிட்டால் ஒழிய வெளியே இருக்கிற ஃபோல்டரைத் தொடாது. என் கடை கணக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது அப்டேட் வந்து அந்த மேகம் மறுபடி எட்டிப் பார்த்தாலும் கவலை இல்லை.

அந்தக் கடைப் பையனைத் திட்டாதீர்கள். நாளைக்கு எத்தனை சிஸ்டம் போடுகிறானோ, ஒவ்வொன்றிலும் நின்று படித்துக்கொண்டிருந்தால் முதலாளி விரட்டிவிடுவார். 'வேண்டாம்' என்பதைச் சின்ன எழுத்தில் ஓரத்தில் போட்டவன்தான் கெட்டிக்காரன்.

பினாங்குப் பங்காளி

பூர்வீகம் புதுவயல், இப்போது பினாங்கு. அண்ணே, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இங்கே எல்லாரும் கழற்று, கழற்று என்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன்.

2019-ல் எங்கள் அப்பச்சிக்குச் சாந்தி (வயது நிறைவுக் கல்யாணம்). ஊரில் மூன்று நாள் விசேஷம். போட்டோ, வீடியோ முழுவதும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி வந்தேன். இங்கே வந்த இரண்டாம் மாதம் மேஜையிலிருந்து விழுந்தது. அப்புறம் செருகினால் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மிஞ்சியது என் வீட்டுக்காரி போனிலிருந்து கூகுள் போட்டோஸில் தானாக ஏறியிருந்த படங்கள் மட்டும். அப்போது கொஞ்சம் சுருக்கி ஏற்றும் படங்களுக்கு அங்கே இடக்கணக்கு கிடையாது. 2021 ஜூன் 1-லிருந்து எல்லாம் அந்த 15 ஜிபியில் சேர்கிறது, மெயிலும் அதற்குள்தான். அப்பச்சி இப்போது இல்லை. அந்தப் படங்களும் இல்லை என்றால் என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

நீங்கள் இப்போது செய்யப்போவது என்ன? 412 பக்கத்தையும் ஒரு கம்ப்யூட்டரில், ஒரு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டையும் ஒரே வீட்டில் வைப்பது. மூலக் காகிதமும் அதே வீட்டில். கரையான், இடி, திருட்டு, எது வந்தாலும் மூன்றுக்கும் சேர்த்துத்தான் வரும். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பார்கள். அந்த வேறு ஊர் கிளவுடாக இருந்தால் என்ன தப்பு?

40 ஜிபி முழுவதையும் ஏற்றச் சொல்லவில்லை. டிஃப் வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 300 டிபிஐயில் ஒரு ஜேபெக் (சுருக்கிய படம்) எடுங்கள். ஒன்று, ஒன்றரை எம்பி வரும், படிக்கத் தாராளம். 412 பக்கமும் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும், எந்த இலவச இடத்திலும் பிடிக்கும். லிங்க்கைப் பங்காளிகளுக்கு அனுப்பினால் ஆச்சி தேவகோட்டையில் உட்கார்ந்தே படிக்கலாமே.

வளவுக்காரர், கோட்டையூர்

எல்லாருக்கும் நன்றி. தேவகோட்டைத் தம்பி ஐயா என்று கூப்பிட்டதில் ஒரு தலைமுறை கூடிவிட்டது. எங்கள் பக்கம் ஐயா என்றால் தாத்தா. பரவாயில்லை, சொன்ன வேலைக்கு அந்த மரியாதையைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

பங்காளி, உங்கள் அப்பச்சி படம் விஷயம் மனதைத் தொட்டது. ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். கிட்டங்கியில் எங்கள் ஐயா பெட்டியடி (கணக்குப்பெட்டி வைத்து உட்காரும் இடம்) வைத்திருந்தார் என்றால், அதற்கு வாடகை பேசி, சாவியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அவர் பெட்டியைத் தூக்கிக் கிட்டங்கியில் வைத்துவிட்டு, காலையில் வாடகைச் சீட்டு நீட்டவில்லை. நீங்கள் சொல்கிற ஜேபெக் யோசனையை நான் கேட்டு, நான் சம்மதித்து, நானே ஏற்றப்போகிறேன். அது வேறு.

வளவுக்காரர், கோட்டையூர்

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன், முடிந்தது.

மூன்று நாள் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், சிபியூவை ஜமுக்காளத்தில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு காரைக்குடியில் மைத்துனர் வீட்டுக்குப் போனேன். அங்கே ஃபைபர். ஆட்டோக்காரர், "அண்ணே, அம்மியா, ஆட்டுக்கல்லா?" என்று கேட்டார். ரங்கூன் கடுதாசி என்றேன், அதற்குமேல் கேட்கவில்லை. மைத்துனர் வீட்டில் காப்பி குடித்து முடிப்பதற்குள் முக்கால்வாசி பச்சையாகிவிட்டது. ஒவ்வொன்றாகப் பிராப்பர்ட்டீஸ் திறந்து 'சைஸ் ஆன் டிஸ்க்' பார்த்து நோட்டில் டிக் போட்டேன். 48-ம் பார்த்தேன். சும்மா மொத்தமாகப் பாருங்கள் என்று மைத்துனர் சொன்னார். 34 வருடப் பழக்கம், மொத்தத்தை நம்பிக் கையெழுத்துப் போட வராது.

கடைசியில் எண்ணினால் 411. நோட்டில் 412. 217-ஐக் காணவில்லை. வெப்சைட்டுக்குப் போய் ரீசைக்கிள் பின்னைப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. அன்றைக்கு ராத்திரி அந்தச் சேவையை நான் திட்டாத திட்டு இல்லை. மறுநாள் கோட்டையூர் திரும்பித் தகரப் பெட்டியை எடுத்தேன். 216-ன் பின்பக்கத்தில் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நோட்டில் எண் போட்டது நான், ஸ்கேன் செய்ய மறந்ததும் நான். ஆக, அந்த ஒன்றுக்கு மேகம் பொறுப்பில்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். சீட்டில் இருந்தது ஒரே வரி: ஊருக்கு வாங்கி அனுப்பிய தேக்குக்கு வண்டிக்கூலி. இப்போது அதுவும் ஏறிவிட்டது.

நிறுத்துவது, காப்பி எடுப்பது, அன்லிங்க், எல்லாம் சொன்ன வரிசையில் செய்தேன். டெஸ்க்டாப் மறுபடி காலியானது. இந்த முறை பக்கத்து அறைக்குப் போய் எடுத்துக்கொண்டேன். அக்கா சொன்ன 'வீடு' ஃபோல்டர் சி டிரைவில் போட்டாயிற்று. மீட்டர்ட் என்று குறித்த பிறகு ராத்திரி பத்து மணிக்கும் ஒன்றரை ஜிபி மீதி இருக்கிறது. வீட்டில் இன்னும் என்னிடம் ஒரு மன்னிப்புப் பாக்கி என்கிறார்கள்.

மகனுக்குப் போன் செய்து, இனி என் கம்ப்யூட்டரில் எதையும் காலி செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய் என்றேன். "அப்பச்சி, நீங்க சிவப்பா இருந்ததைப் பார்த்தீங்களா இல்லையா?" என்கிறான். பார்த்தேன்தான்.

இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி ஆச்சி வீட்டில், தேவகோட்டையில், வைக்கலாம் என்றிருக்கிறேன். பங்காளி சொன்ன வேறு ஊர் அது. ஆச்சிக்கு ஜேபெக் லிங்க் எல்லாம் வேண்டாமாம். பெரிய எழுத்தில் தாளில் வேண்டுமாம். அக்கா, 412 பக்கம் கலர் பிரிண்ட், ஏ3-ல் எடுத்துத் தர முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?

ஜெராக்ஸ் அக்கா, காரைக்குடி

ஞாயிறு மதியம் ஒன்று வரை உண்டு. 412-ம் கலரில் எடுத்தால் ஆச்சி கொடுத்த சீரை விற்க வேண்டி வரும், கடிதங்களை மட்டும் கலரில் எடுப்போம், பேரேடு கறுப்பு வெள்ளை போதும். பென் டிரைவில் போட்டதும் அங்கேயே சைஸ் பார்த்துவிட்டு வாருங்கள். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.